நீராவி எஞ்சினின் ஊதி
நீராவி எஞ்சினின் உலைக்கதவைத் திறந்து விறகோ நிலக்கரியோ இடும்போது, புகையும் தீயும் வெளியே பாயாமல் காப்பது புகைபோக்கியின் இழுப்பாகும். 1804 பெப்ரவரியில் வேல்சின் பெனிடாரன் இருப்புப்பாதையில் ஓடிய ரிச்சர்டு டிரெவித்திக்கின் எஞ்சினில், உருளையில் வேலை முடித்த நீராவி புகைபோக்கிக்குள் விடப்பட்டது. அது நெருப்பைத் தூண்டுவதை அவர் கவனித்தார். 1829ஆம் ஆண்டின் ராக்கெட் எஞ்சினிலும் இம்முறை இடம்பெற்றது.

ஆனால் ஓட்டுநர் உருளைக்குச் செல்லும் நீராவியை அடைத்ததும் இழுப்பு குறைந்துவிடும். அப்போது கதவு திறந்திருந்தால், குறிப்பாகச் சுரங்கப்பாதையில், உள்ளிருக்கும் தீ பணியாளர்மீது பாயும். இதைத் தடுக்கப் பிற்கால எஞ்சின்களில் ஊதி பொருத்தப்பட்டது. இது கொதிகலனின் நீராவியை நேரடியாகப் புகைபோக்கிக்குள் பீய்ச்சும். நீராவியை அடைக்குமுன் ஊதியைத் திறப்பது எஞ்சின் பணியாளர்களின் உயிர்காக்கும் வழக்கமாயிற்று.