குமானோவின் காகத் தாள்

ஜப்பானின் கீ தீபகற்பத்து மலைகளுக்கு நடுவே குமானோ ஹோங்கூ என்ற ஷிண்டோ ஆலயம் இருக்கிறது. அங்கே பக்தர்களுக்குக் கொடுக்கும் வெள்ளைத் தாளில் 88 காகங்கள், எல்லாம் கறுப்பு மையில் அச்சானவை. சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் காகங்களெல்லாம் கூடி ஐந்து சீன எழுத்துகளாகத் தெரியும். அவற்றின்மேல் சிவப்பு முத்திரை. ஊர்க்காரர்கள் மரியாதையாக 'ஒகராசு-சான்' என்பார்கள். குமானோவின் மற்ற இரண்டு பேராலயங்களுக்கும் சொந்தத் தாள் உண்டு: ஹயாதாமாவில் 48 காகங்கள், நாச்சியில் 72.

காகம் இங்கே தெய்வத்தின் தூதர். நாட்டின் முதல் சக்கரவர்த்தி ஜிம்மு இந்த மலைகளில் திகைத்தபோது வழிகாட்டியது 'யாதகராசு' என்ற காகம் என்பது ஐதீகம். அதற்கு மூன்று கால்கள் என்பார்கள். ஹோங்கூவில் புத்தாண்டுக்கு வாசலில் நிறுத்திய பைன் மரத்திலிருந்து முத்திரைக் கட்டையைச் செதுக்கி, ஜனவரி 7 மாலை சடங்கோடு முதல் முத்திரை பதிக்கிறார்கள்.

மலைக்குள் பிறந்த தாளை நாடெங்கும் கொண்டுபோனவை மனிதக் கால்கள்தாம். பதவி துறந்த சக்கரவர்த்திகள் கியோத்தோவிலிருந்து பரிவாரத்தோடு நடந்து வந்தார்கள். அவர்களில் கோ-ஷிராகாவா முப்பது தடவைக்கு மேல் வந்தார். 1201இல் அவர்களில் இன்னொருவரான கோ-தொபாவுடன் வந்த கவிஞர் தெய்கா, வழிநெடுகப் பட்ட சிரமத்தை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிறகு சாமானிய மக்களும் திரண்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'எறும்புகளின் குமானோ யாத்திரை' என்றே பெயர் வந்தது. மலையேற முடியாதவர்களின் ஊர்களுக்குக் குமானோ பிக்குணிகள் போனார்கள். சொர்க்க நரகப் படத்தை விரித்துக் கதை சொல்லி, காகத் தாளைக் கொடுத்து வந்தார்கள்.

போன இடத்தில் அந்தத் தாள் சத்தியப் பத்திரமாயிற்று. அதன் பின்புறத்தில் உறுதிமொழி எழுதிக் கையொப்பமிடுவார்கள். வாக்கை மீறினால் குமானோவில் ஒரு காகம் சாகும், மீறியவர் ரத்தம் கக்கி நரகத்தில் விழுவார் என்று நம்பினார்கள். தாளை எரித்து, சாம்பலை நீரில் கலந்து குடித்து ஆணையிட்டவர்களும் உண்டு. நாச்சித் தாளின் பின்புறத்தில் 1266இல் எழுதிய உறுதிமொழி ஒன்று தோதாய்ஜி கோவில் ஆவணங்களில் இன்றும் இருக்கிறது. போர்த்தலைவர்கள் உடன்படிக்கைக்கு இதை நாடினார்கள். எடோ ஆட்சிக் காலத்துக் கணிகையர் காதலர்களுக்கு இதில் எழுதிக்கொடுத்தார்கள். மூன்று ஆண்களுக்கு ஒரே வாக்கைக் கொடுத்த பெண்ணைப் பற்றி 'சன்மாய் கிஷோ' என்ற ராகுகோ நகைச்சுவைக் கதையே உண்டு. வாக்கு மீறல் எத்தனையோ நடந்தது. ஆனாலும் வாக்குக் கொடுக்க வேண்டியவர்கள் மறுபடி இந்தத் தாளையே தேடினார்கள்.

தாள் பிறந்த ஆலயமும் இடம்பெயர்ந்தது. ஆதியில் அது ஓயுனோஹாரா என்ற ஆற்றங்கரைத் திட்டில் இருந்தது. 1889 ஆகஸ்ட் வெள்ளம் பெரும்பகுதியைக் கொண்டுபோக, தப்பிய கட்டடங்களை 1891இல் மேட்டில் எழுப்பினார்கள். பழைய இடத்தில் இப்போது 33.9 மீட்டர் உயரத் தோரண வாயில் நிற்கிறது.

2004இல் இந்த யாத்திரை வழிகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. முழு வழியும் நடக்க நாள்கள் ஆகும். ஒரே நாள்தான் இருக்கிறது என்பவர்கள் ஹோங்கூவிலிருந்து பஸ்ஸில் ஹொஷ்ஷின்மோன் ஓஜி என்ற வழியோரச் சிற்றாலயத்துக்குப் போய், அங்கிருந்து சுமார் 7 கிலோமீட்டர் நடந்து திரும்பலாம். 'கதாரிபே' எனும் உள்ளூர் வழிகாட்டிகள் கதை சொல்லிக்கொண்டே கூட வருவார்கள். முதலில் தேயிலைச் செடிகளும் மலைக்கிராமமும் வருகின்றன. விற்க ஆளில்லாத சிறு கடைகளில் உப்பில் ஊறிய உமேப் பழமும் தேயிலையும் இருக்கும். விலையை உண்டியலில் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு செடார் மரக் காடு. ஃபுஷிஓகாமி ஓஜியில்தான் அந்தக் காலத்து யாத்ரீகர்கள் கீழே ஆலயத்தை முதன்முதலாகக் கண்டு மண்டியிட்டார்கள். ஹராய்தோ ஓஜியில் கடைசியாகத் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொண்டார்கள். பாதை ஆலயத்தின் பின்பக்கமாக வந்து சேர்கிறது. முன்பக்கம் 158 படிகள்.

இன்றைக்கும் இந்தத் தாளைத் தீ அண்டாதிருக்க அடுப்பங்கரையிலும், திருடன் வராதிருக்க வாசலிலும் வைக்கிறார்கள். நோயாளியின் படுக்கைக்கு அடியிலும் வைப்பதுண்டு. காகமும் முத்திரையும் மட்டும் இதற்கு இத்தனை மதிப்பைத் தந்துவிடவில்லை. மலையேறி வந்து வாங்கியவர்களும், வரமுடியாதவர்களுக்குச் சுமந்துபோனவர்களும் பட்ட பாடுதான் இதன் பின்புறத்தில் எழுதிய வாக்குக்குக் கனம் சேர்த்தது. குமானோவுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆலய வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே தாளை வாங்கிவிடாதீர்கள். ஹொஷ்ஷின்மோனிலிருந்து நடந்து வந்து வாங்குங்கள்.