ஜமக்காளத்தின் கரை

நெய்த பொருளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுட் பல, அறுத்தல் என்னும் வினையை அடியாகக் கொண்டு பிறந்தவை. துணித்தலால் துணி; அறுத்தலால் அறுவை; துண்டித்தலால் துண்டு. சங்கப் புலவருள் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பார் ஒருவர் இருந்தமையைத் தமிழாசிரியர் அறிவர். தறியினின்று அறுத்தெடுத்த பின்னரே அது துணியாகிறது என்று கண்டவர் வைத்த பெயர்கள் இவை. இவற்றுக்கு எதிர்நிற்பது 'கரை' என்னும் சொல். கத்தி படாத ஓரமே கரை. ஆற்றுக்கும் அதுவே, ஆடைக்கும் அதுவே. தஞ்சை வட்டாரத்திலும் தொண்டை நாட்டிலும் ஊர்நிலத்தில் ஒருவர்க்குரிய பங்கினையும் கரை என்றனர். அப்பங்குகளைக் காலந்தோறும் மாற்றிக்கொண்ட முறை கரையீடு எனப்பட்டது.

எங்கள் தோட்டப் பள்ளியின் வரலாற்று மூலையில் நான்கு பழைய ஜமக்காளத் துண்டுகள் உள்ளன. அவற்றை வகைப்படுத்த முயன்றபோதுதான் இச்சொல்லாராய்ச்சி எனக்கு வேண்டியதாயிற்று.

ஜமக்காளம் என்பது பிறமொழி வழி வந்த பெயர். கன்னட நாட்டு நவல்குந்தில் பெண்கள் நெய்யும் விரிப்புக்கும் ஜமக்கானா என்றே பெயர். தமிழ்நாட்டில் இதற்குப் புகழ் பெற்ற ஊர், காவிரியும் பவானியும் கூடுமிடத்திலுள்ள பவானி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சீமைத் துணியின் போட்டியால் தொழில் நலிந்த காலத்தில், ஜங்கமர் என்னும் வகுப்பார் முரட்டு வண்ண நூலால் அங்கே இதனை நெய்யத் தொடங்கினர் என்பர். 1908இல் சென்னை அரசாங்கம் ஹென்றி ஹாரிஸ் என்பவரைக் கொண்டு தென்னாட்டுக் கம்பள நெசவைப் பற்றித் தனிநூலே வெளியிட்டது. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது நம் காலத்தில். பந்தியில் வரிசையாக அமர்ந்து உண்பதற்கென்றே ஒடுங்கிய நீண்ட விரிப்பும் அங்கே நெய்தனர். அது பந்தி ஜமக்காளம்.

இவ்விரிப்பு மலையகம் வந்தது கப்பலில். 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' 1973 வரை சென்னை, நாகப்பட்டினத்திற்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடிற்று. மேல்தளப் பயணிக்குக் கட்டில் ஏது? பாயோ ஜமக்காளமோ விரித்த இடமே அவன் வீடு. கரை இறங்கியதும் அதையே சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் எனத் தத்தம் தோட்டத்து லயங்களுக்குச் சென்றனர்.

இனி, நெசவைச் சற்று நோக்குவோம். தறியில் நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை நூல் ஓரம் வரை சென்று திரும்பி வருவதால் பக்கக் கரைகள் தாமே அமைந்துவிடுகின்றன, அவை பிரியா. தலைப்புகள் இரண்டும் அத்தகையன அல்ல. அங்கே பாவு அறுபடுகிறது. ஆகவே சில விரற்கடை நீளம் பாவை நெய்யாது விட்டு, நான்கு நான்கு இழையாகச் சேர்த்துக் குஞ்சம் முடிந்துவிடுவர். அந்த முடிச்சுத்தான் விரிப்பைக் காக்கும் பூட்டு.

அளவுக்கு மிஞ்சிய ஜமக்காளத்தை வெட்டும்போது இப்பூட்டு போய்விடுகிறது. குறுக்கே வெட்டினால் முடிவதற்குப் பாவு நுனி இராது. இரண்டு விரற்கடை ஊடையை உருவியெடுத்துத்தான் நுனி உண்டாக்க வேண்டும். நெடுக வெட்டினாலோ இன்னும் கேடு. ஜமக்காளத்தில் பருமனான ஊடையே பாவை மூடி நிற்பது. அது அறுபட்டால் துண்டு துண்டாக வெளியே நழுவும். முதலில் தைக்க வேண்டும், பின்னரே வெட்ட வேண்டும் என்பது இதனாலேயே. வெட்டவிருக்கும் கோட்டின் இருபுறமும் நெருக்கமாக இரண்டு தையல் ஓட்டி, நடுவே கத்தரித்து, துணிப்பட்டையை மடித்து ஓரத்தைக் கவ்வத் தைப்பர். பட்டையை முன்னதாகவே நனைத்து உலர்த்திக்கொள்வதும் முறை. இல்லையேல் முதற் சலவையில் அது சுருங்கி, விரிப்பின் ஓரம் அப்பளம் போல் நெளியும்.

இவ்வளவும் இன்று எழுதுகிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதில், முதலாம் வகுப்புப் பிள்ளைகள் அமர்வதற்காகப் பெரிய ஜமக்காளம் ஒன்றைத் தைக்காமலே நெடுக வெட்டிவிட்டேன். தவணை முடிவதற்குள் அதில் பாதியைப் பிள்ளைகள் நூல்நூலாக வீட்டுக்குக் கொண்டுபோயினர்! பயிற்சிக் கல்லூரியில் எவரும் எனக்கு இதனைச் சொல்லித்தரவில்லை. பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பாட்டி ஒருவர் சொல்லித்தந்தார்.

பாய்க்கு இம்முறைகள் ஒவ்வா. பத்தமடைக் கோரைப்பாயில் குறுக்கே கிடப்பது நூலன்று, புல். அதனை முடிய இயலாது. ஆகவே துணிக்கரை தைப்பர். நம் அயலாராகிய மலாய்ப் பெண்கள் மெங்குவாங் ஓலைப் பாய்க்குத் துணியே வேண்டார். ஓலைக் கீற்றின் நுனியையே மடித்துப் பின்னலுக்குள் செலுத்தி விடுகின்றனர். எனக்கு இது மிகச் சிறந்த முறையாகத் தோன்றுகிறது. ஆனால் நூலுக்கு ஆகாது.

எங்கள் நான்கு துண்டுகளுள் ஒன்றில் பக்கக் கரை ஒன்று தறியில் அமைந்தது. மற்றது கோதுமை மாவுச் சாக்கின் துணியால் கட்டியது. சகோதரர் இருவர் தனிக்குடித்தனம் போனபோது தந்தையின் விரிப்பை நெடுகப் பிரித்தனர் என்று கொடுத்தவர் கூறினார். இன்னொன்றின் ஓரப்பட்டை பழஞ்சேலையின் தலைப்பு. மூன்றாவதன் கரைகள் பழுதில்லாதவை. அதனிடமிருந்து நான் அறிந்தது மிகக் குறைவு. அதன் ஓரத்தில் செயற்கைப் பட்டு இருப்பதால் 20ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டதன்று எனலாம், அவ்வளவே.

காட்சிக்கு வைப்போர் முழுமையான விரிப்பையே தேடுகின்றனர். தோட்டம் விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்வோரும் ஒட்டுப்போட்டதை எறிந்துவிட்டு நல்லதை மட்டும் எடுத்துச் செல்கின்றனர். வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் இது தலைகீழ் என்பேன். தறியின் கரை பவானியைச் சொல்லும். லயத்தில் கட்டிய கரைதான் நம்மைச் சொல்லும்.

நான்காவது துண்டு ஒரு பந்தி ஜமக்காளத்தின் பகுதி. 1950களிலும் 60களிலும் ஐரோப்பியர் விற்றுச் சென்ற தோட்டங்களை வாங்கியோர் சிறுசிறு பகுதிகளாக மறுவிற்பனை செய்தனர். அதனைத் தோட்டத் துண்டாடல் என்றோம். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அதனைத் தடுக்கவே. ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்று அவ்வாறு சிதறியபோது, கோயிலுக்குப் பொதுவாயிருந்த இவ்விரிப்பையும் குறுக்கே வெட்டிப் பங்கிட்டுக்கொண்டனராம். பங்கு ஒவ்வொன்றையும் கரை என்றுதான் சொன்னார்கள் என்றார் அதனைத் தந்த முதியவர்.

பச்சைப் பட்டை ஒன்றின் நடுவே வெட்டு விழுந்திருக்கிறது. அவ்வோரத்தில் முடிச்சும் இல்லை, தையலும் இல்லை. உதறுந்தோறும் ஓரிழை உதிர்கிறது. கட்டிவிடுங்கள் என்று உடனாசிரியர்கள் வற்புறுத்துகின்றனர். பட்டையின் மறுபாதியுள்ள துண்டு போர்ட்டிக்சனிலோ சிரம்பானிலோ எவர் வீட்டிலேனும் இருக்கக்கூடும். அன்பர் எவரேனும் கொண்டுவந்தால், இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்த பின் கரை கட்டலாம் என்றிருக்கிறேன். அதுவரை ஒரு வெள்ளைத் துணியில் சுருட்டி அலமாரியில் வைத்துள்ளேன்.