களையாக இருந்த புல்

ராயபுரத்தில் வேலை என்றால் துறைமுகம், ரயில்வே, வலை, லாரி. நான் பார்த்தது புல் வேலை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் விளையாட்டுத் திடலை ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டேன். சம்பளப் பட்டியலில் தோட்டக்காரர். ஆட வருகிறவர்களுக்கு மாலி. என் தங்கை மகள் இப்போது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் மைதானப் பராமரிப்புக்குத்தான் போவாளாம். லீவுக்கு வந்தவளின் பாடக் குறிப்பைப் புரட்டினேன். அருகம்புல்லுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர், எவ்வளவு தழைச்சத்து, எந்த உயரத்தில் வெட்டுவது என்று பக்கம் பக்கமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் மூலமே நம் சென்னைதான். 1868-இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோவைக்குப் போனது. 1971-இல்தான் பல்கலைக்கழகம். நெல்லுக்கும் பருத்திக்கும் கரும்புக்கும் ஏற்பட்ட படிப்பு அது. குடியானவனுக்கு அருகும் கோரையும் பரம எதிரிகள். வரப்பில் இருந்தால் மாட்டுக்குத் தீவனம், வயலுக்குள் இறங்கினால் களை. அதை வேரோடு ஒழிப்பதுதான் பாடம்.

அதே காலத்தில், சைதாப்பேட்டைக்குச் சில மைல் தள்ளி, அதே அருகுக்கு வெள்ளைக்காரர்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். 1846-இல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் தொடங்கியது. கோட்டைக்குப் பக்கத்துத் தீவுத்திடலில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் 1865-இல் சேப்பாக்கத்துக்கு வந்தார்கள். அவர்கள் ஊர்ப் புல் நம் சித்திரை வெயிலில் ஒரு வாரம் தாங்காது. அருகு தரைக்கு மேலேயும் ஓடும், கீழேயும் ஓடும். மிதித்தாலும் வெட்டினாலும் மறுபடி எழும். நிழல் மட்டும் ஆகாது. இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-இல் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். பிறகு அதைக் குதிரை இழுத்தது. குளம்பு தரையில் பதியாதிருக்கக் குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டினார்கள். இங்கே கூலி மலிவு. இயந்திரம் வந்த பிறகும், என் காலம் வரைக்கும், பெண்கள் வரிசையாகக் குந்திக் கோரை பிடுங்கியதை நானே பார்த்திருக்கிறேன். தங்கை மகள் கேட்டாள்: "கோரைக்கு என்னா மருந்து அடிச்சீங்க மாமா?"

"மருந்து எங்கடி அடிச்சோம்? களைக்கொத்தும் நகமுந்தான்."

எங்கள் ராயபுரத்துக்குக் கிட்டத்தில் பெரிய புல்வெளி என்றால் அந்தக் காலத்தில் எஸ்பிளனேடுதான். பழைய கறுப்பர் நகரம் இருந்த இடம் அது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைகளுக்குப் பிறகு, கோட்டைப் பீரங்கிக்கு எதிரே மறைப்பு இருக்கக் கூடாதென்று வெட்டவெளியாக்கினார்கள். 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். பாரிமுனையில் ஒன்று இன்னும் நிற்கிறது. ஆக, நம் ஜனங்களின் வீடுகள் இருந்த மண்மேல் வளர்ந்த புல். அந்த எஸ்பிளனேடில்தான் புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்கள் பெவிலியனில் உட்கார, ஆட வந்த இந்தியர்கள் மரத்தடியில் சாப்பிட்ட காலம். அவருக்குப் பொறுக்கவில்லை, நமக்கென்று ஒரு திடல் கண்டார். புச்சிபாபு பெயரில் இன்றும் கோப்பை இருக்கிறது. அவருக்குத் தரையைச் சமன் செய்து உருளை இழுத்தவர்கள் யார் என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

இந்தத் தொழிலின் தலையெழுத்தே அதுதான். 1952-இல் இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி பெற்றது சேப்பாக்கத்தில். மன்கட் பன்னிரண்டு விக்கெட் எடுத்தார். 1988-இல் அங்கேயே, முதல் டெஸ்ட் ஆடிய ஹிர்வானி 136 ரன்னுக்குப் பதினாறு விக்கெட் எடுத்தார். அந்தத் தடவை ஆடுகளம் சரியாகத் தயாராகவில்லை என்று திட்டு விழுந்தது. பந்து அளவாக எழும்பினால் ஆட்டக்காரன் கெட்டி; தாறுமாறாகத் திரும்பினால்தான் மாலியின் ஞாபகம் வரும்.

1949 செப்டம்பர் 18-ஆம் தேதி எங்கள் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்ததைத் தமிழ்நாடே சொல்லும். எனக்கு மட்டும் வேறு புத்தி: அத்தனை கால்கள் மிதித்த ஈரத் தரையை மறுநாள் காலை பூங்காத் தோட்டக்காரர் எப்படிப் பார்த்திருப்பார்?

எங்கள் கரைக்கு இன்னொரு சங்கடம் உண்டு. துறைமுகச் சுவர் எழும்பியதும் தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. மெரினா அகலமானது, ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அவர்களுக்கு மணல், எங்களுக்குக் கருங்கல். அதன்மேல் நிலக்கரித் தூசியும் இரும்புத்தாதுத் தூசியும். உயர் நீதிமன்றம் சொல்லி 2011-இல்தான் அந்தச் சரக்குகள் சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூருக்கு நகர்ந்தன. கொடியில் காய்ந்த வேட்டியே கறுத்த ஊரில் புல் எப்படிப் பச்சையாக நிற்கும்? விடியற்காலையில் இலையைக் கழுவுவோம். உப்பு ஏறிய இடத்தில் ஜிப்சம் தூவித் தண்ணீரைத் தேக்கி, உப்பைக் கீழே இறக்குவோம். ஐப்பசி மழை வந்தால் பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். இதற்கெல்லாம் இப்போது அவள் படிப்பில் தனி அத்தியாயம்.

வெளிநாட்டில் இந்தப் படிப்பு முந்தியே வந்துவிட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரியில் லாரன்ஸ் டிக்கின்சன் 1927-இல் கோல்ஃப் திடல் பணியாளர்களுக்கென்றே குளிர்கால வகுப்பு வைத்தார். பனியில் திடல் மூடிக் கிடக்கும் மாதங்களில் படிக்கட்டும் என்று. எனக்குப் பிடித்த யோசனை அது. படிப்பு வேலைக்காரனைத் தேடிப் போயிருக்கிறது. 1929-இல் இங்கிலாந்தின் பிங்லியில் விளையாட்டுப் புல்லுக்கென்று ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் கிளென் பர்ட்டன், நம் அருகையும் தென்னாப்பிரிக்க அருகு ஒன்றையும் கலந்த ரகங்களை உண்டாக்கினார். 1960-இல் வந்த டிஃப்வே அதில் ஒன்று. அது விதை கட்டாது, துண்டு துண்டாகத்தான் நட வேண்டும். களை என்று பிடுங்கிப் போட்டது, பெயர் மாறிச் சதுர அடிக் கணக்கில் விலைக்கு வருகிறது. நம் நாட்டில் கிரிக்கெட் வாரியம், தல்ஜித் சிங் ஆடுகளக் குழுவை நடத்திய காலத்தில்தான் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் சான்றிதழும் வைத்தது. மண்ணைக் கையில் உருட்டியே களியின் தரம் சொல்கிற கிழவர்கள் அந்தத் தேர்வு எழுதியிருந்தால் பாதிப் பேர் தேறியிருக்க மாட்டார்கள். அதற்காகத் தேர்வு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சான்றிதழ் இருந்தால்தான் சம்பளம் பேச முடிகிறது.

இதற்கிடையில் எங்கள் தெருப் பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிளாஸ்டிக் புல்லின்மேல் ஆடுகிறார்கள். குற்றம் சொல்வதற்கில்லை, ஆட வேறு இடம் எங்கே?

தங்கை மகளின் கண் இப்போது எண்ணூர்க் கழிமுகத்தின்மேல். அங்கே சேற்றோரம் பாஸ்பாலம் என்ற புல் உப்புத் தண்ணீரிலேயே வளரும். அந்த இனத்து ரகம் ஒன்றில்தான் 2022-இல் கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்தே ஆடினார்கள். அதைத் திருவொற்றியூர்த் திடல் ஒன்றில் நட்டுப் பார்த்துக் கல்லூரிக்கு ஆய்வறிக்கை எழுத வேண்டுமாம். "நல்ல தண்ணியே வேணாம் மாமா" என்றாள். நட்ட புதிதில் நல்ல தண்ணீர் காட்டாவிட்டால் துண்டு கருகிவிடும், வேர் பிடித்த பிறகுதான் உப்புத் தண்ணீர் என்றேன். குறிப்பைப் புரட்டினாள். அதுவும் அதில் இருக்கிறதாம்.