அனந்தபுரத்து ஆண்டவனும் அரசுச் செயலாளர் வி. பி. மேனனும்

திருக்குடமுழுக்கு மலரில் ஆழ்வார் நாயன்மார்களின் அருள் வரலாறும், தலபுராணமும், திருப்பணி செய்த செம்மல்களின் கொடைத்திறமும் இடம்பெறுதல் மரபு. அத்தகைய மலரில் அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று மெய்யன்பர்கள் வினவுதல் கூடும். அவர் கோயில் கட்டியவர் அல்லர். தேவாலய பரிபாலனத் துறையில் அமர்ந்தவரும் அல்லர். தில்லியிலும் சிம்லாவிலும் கோப்புகளுக்கிடையே வாழ்நாளைக் கழித்தவர். எனினும், குமரிமுனை தொடங்கி வடக்கே பரந்து கிடக்கும் பழைய திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் திருக்கோயில்களில் நித்திய பூஜை தடையின்றி நடைபெறுதற்கு வழிகோலிய ஓர் ஏற்பாட்டில் அவருடைய கை பதிந்திருக்கிறது. அந்த வரலாறு நம்மவர் பலருக்கும் தெரியாதது.

வப்பால பங்குண்ணி மேனன் என்பது அவரது முழுப்பெயர். வி. பி. மேனன் என்றால்தான் உலகம் அறியும். அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில், ஒற்றப்பாலத்தை அடுத்த சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். குடும்பத்தின் வறுமை காரணமாகப் படிப்பு பாதியில் நின்றது. கோலார் தங்கச் சுரங்கத்தில் சில காலம் வேலை பார்த்தார். வேறு சில்லறை வேலைகளும் செய்தார். பின்னர் 1914-இல் இந்திய அரசாங்கத்தின் உள்துறையில் குமாஸ்தாவாக அமர்ந்தார். ஐ.சி.எஸ். என்னும் மூன்றெழுத்து அவர் பெயருக்குப் பின்னால் ஒருநாளும் இருந்ததில்லை. சீமைக்குச் சென்று பரீட்சை எழுதித் திரும்பியவர்களே உயர்பதவிகளை வகித்த அந்நாளில், பட்டமும் பரிந்துரையும் இல்லாத ஒருவர் அரசியல் சீர்திருத்த அலுவலகத்தில் படிப்படியாக ஏறி, 1942-இல் அதன் தலைவராகிய சீர்திருத்தக் கமிஷனர் ஆனார். லின்லித்கோ, வேவல், மவுண்ட்பேட்டன் ஆகிய மூன்று வைசிராய்களுக்கும் அரசியலமைப்பு ஆலோசகராக விளங்கினார்.

அவர் முதன்முதலில் தில்லிக்குச் சென்றபோது கைப்பணம் களவு போயிற்றாம். செய்வதறியாது நின்ற இளைஞரிடம் முதிய சீக்கியர் ஒருவர் 15 ரூபாய் கொடுத்தார். முகவரி தந்தால் திருப்பி அனுப்புவேன் என்றாராம் மேனன். அதற்குப் பெரியவர், தம்மிடம் திருப்பித் தர வேண்டுவதில்லை, உன் வாழ்நாள் முழுதும் நாணயமானவன் எவன் வந்து கேட்டாலும் அத்தொகையைக் கொடுத்து வா என்று சொல்லிப் போய்விட்டாராம். அந்திமக் காலத்திலும் தம் வாயிலில் வந்து கேட்ட ஓர் ஏழைக்கு 15 ரூபாய் எடுத்துக் கொடுக்குமாறு மகளிடம் மேனன் கூறினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பெற்றவனிடமே கடன் திரும்ப வேண்டியதில்லை என்பதை அறக்கட்டளை வைக்கும் அன்பர்கள் நன்கறிவர்.

1947-ஆம் ஆண்டு மே மாதம், மவுண்ட்பேட்டன் கொண்டுவந்த அதிகார மாற்றத் திட்டத்தை ஜவஹர்லால் நேரு சிம்லாவில் கண்டு சீறினார். அன்று மேனன் சில மணி நேரத்திற்குள் தனியே அமர்ந்து மாற்றுத் திட்டம் ஒன்றை வரைந்தளித்தார். ஜூன் 3-ஆம் தேதி உலகறிய வெளியிடப்பட்ட திட்டத்துக்கு அதுவே அடிப்படை. ஜூலை 5-இல் சமஸ்தான இலாகா தோன்றியது. சர்தார் வல்லபாய் படேல் அமைச்சர், மேனன் செயலாளர். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களைப் பாதுகாப்பு, வெளிவிவகாரம், போக்குவரத்துத் தொடர்பு என்னும் மூன்றே விஷயங்களுக்காக முதலில் இணையச் செய்து, பின்னர் முழுதும் கலக்கச் செய்த அரும்பெருஞ் செயலைச் சரித்திர நூல்கள் விரிவாகக் கூறும். பேனாவுக்குள் துப்பாக்கியை ஒளித்துவைத்திருந்த ஜோத்பூர் மன்னர் அதனை மேனனை நோக்கி நீட்டியதும், அவர் கலங்காது நின்றதும் பலரும் கேட்ட கதை. இவையெல்லாம் இங்கு நமக்கு வேண்டியவை அல்ல. நாம் செல்ல வேண்டியது திருவனந்தபுரத்துக்கு.

திருவிதாங்கூர் ஏனைய சமஸ்தானங்களைப் போன்றதன்று. 1750-ஆம் ஆண்டு ஜனவரியில் மார்த்தாண்ட வர்ம மகாராஜா, தாம் வென்றும் காத்தும் சேர்த்த நாடு முழுவதையும் அனந்தசயனப் பெருமாளுக்குத் தத்தம் செய்து, உடைவாளைத் திருப்படியில் வைத்தார். பின்பு பெருமாளுடைய அடியவராக அவ்வாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். திருப்படித்தானம் என்று அதற்குப் பெயர். அன்று முதல் நாட்டின் அரசர் ஸ்ரீ பத்மநாபரே. அரியணையில் இருப்பவர் பத்மநாபதாசர். இது அலங்காரப் பேச்சன்று. பத்திரத்திலும் ஆசாரத்திலும் இருநூறு ஆண்டுகளாக நின்ற நிலை.

1947 ஜூன் 11-இல் திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயர், ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனிநாடாக விளங்கும் என அறிவித்தார். ஜூலையில் அவர் தில்லிக்குச் சென்று மவுண்ட்பேட்டனோடும் மேனனோடும் பேசித் திரும்பினார். அம்மாதம் 25-ஆம் தேதி இசை விழா ஒன்றில் அவர் மீது கொலை முயற்சி நடந்தது. அடுத்த சில நாட்களில் மகாராஜா தந்தி மூலம் இணைப்புக்கு இசைவு தந்தார். இங்கே சர் சி. பி. ஒருவரையே பழிப்பது வழக்கமாகிவிட்டது. அது நேர்மையான தீர்ப்பு ஆகாது என்பது நம் கருத்து. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12-இல் வெளிவந்ததில் மகாராஜாவுக்குத் துணைநின்ற மதியூகியும் அவரே அல்லரோ?

இரண்டாண்டு சென்றது. திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒரே இராச்சியமாக்குவதென்று தில்லியில் முடிவாயிற்று. இரு மன்னர்களிடமும் பேசி இசைவு பெறும் பணி மேனனுக்கு வாய்த்தது. கொச்சி மன்னர் எளிமையே உருவானவர். தமக்கென்று பதவி எதுவும் வேண்டாமென்று ஒதுங்கினார். ஆண்டுதோறும் தமக்கு இலவசமாக வரும் பஞ்சாங்கம் தொடர்ந்து வருமா என்பதே அவர் கேட்டது என்று சொல்லப்படுவதுண்டு. நாட்டை விட்டுக் கொடுத்தவர் திதி வார நட்சத்திரத்தை விட்டுக் கொடுக்கவில்லை!

திருவிதாங்கூரில்தான் முடிச்சு விழுந்தது. புதிய இராச்சியத்தின் இராஜப்பிரமுகராக ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜாவை அமர்த்துவதென்று ஏற்பாடு. இராஜப்பிரமுகர் ஆகின்றவர் பதவிப் பிரமாணம் எடுத்தல் வேண்டும். மகாராஜாவோ, தாம் ஸ்ரீ பத்மநாபரின் தாசராக அவர் பொருட்டே நாட்டை ஆள்பவர். அவருக்குச் செய்த பிரதிக்ஞைக்கு மேலாக வேறொரு பிரமாணம் எடுத்தல் தமக்கு இயலாது என்றார். அந்நிலை காக்கப்படாதாயின் பதவியைத் துறப்பதே மேல் என்னும் அளவுக்கு அவர் உறுதி பூண்டிருந்தார்.

இதனைப் பிடிவாதம் என்று கொள்ள எளிது. மக்களாட்சி மலரும் நேரத்தில் மன்னர் ஒருவர் தெய்வத்தைக் காட்டித் தடை சொல்கிறார் என்று பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்திருக்கலாம். படையும் சட்டமும் அன்று தில்லியின் கையில் இருந்தன. மேனன் அவ்வாறு கருதவில்லை. மலையாள நாட்டிலே பிறந்தவராதலின், திருப்படித்தானம் என்பது அந்நாட்டார் நெஞ்சில் எவ்வளவு ஆழத்தில் வேரூன்றியது என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். நாள்தோறும் பெருமாளைச் சேவித்த பின்னரே ஏனைய காரியங்களைக் கவனிக்கும் ஒருவரிடம் வாக்குறுதியைப் பெறுதற்குச் சடங்கு அவசியமன்று, சொல்லே போதும் என்று கண்டார். பிரமாணத்துக்குப் பதிலாக மகாராஜா எழுத்து மூலம் உறுதிமொழி அளித்தால் போதுமென ஏற்பாடாயிற்று. சர்தார் படேல் அதனை ஏற்றுக்கொண்டார். 1949 ஜூலை 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியம் உதயமாயிற்று. சித்திரைத் திருநாள் மகாராஜா 1956 அக்டோபர் இறுதி வரை இராஜப்பிரமுகராக விளங்கினார். கொடுத்த வாக்கில் அவர் ஒருநாளும் பிறழவில்லை.

மன்னரின் மனச்சான்று இவ்வாறு காக்கப்பட்டது. கோயில்களின் படித்தரம் என்னாவது? இவ்விடத்தில் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1811-12-இல், ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ, திருவிதாங்கூர்க் கோயில்கள் மிகப் பலவற்றின் நிலங்களை அரசாங்கத்தோடு சேர்த்துக்கொண்டார். கோயில் நிலத்தின் வருவாய் கஜானாவுக்குச் சென்றது. கோயிற் செலவைக் கஜானா ஏற்றது. ஆகவே, அரசு கோயிலுக்குக் கொடுத்து வந்த பணம் தானமன்று. எடுத்துக்கொண்ட சொத்துக்கு ஈடாகச் செலுத்திவந்த கடன். 1922-ஆம் ஆண்டுப் பிரகடனம் இதனை ஒப்புக்கொண்டு, நிலவரி வருவாயில் நூற்றுக்கு 40 பங்கைத் தேவஸ்வ நிதிக்கு ஒதுக்கியது. 1948-இல் ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாயும், ஸ்ரீ பண்டாரவகைக்கு 1 லட்சமும் என்று நிலைநாட்டப்பட்டது.

புதிய இராச்சியமோ எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. அதன் பொதுக்கருவூலத்திலிருந்து இந்து ஆலயங்களுக்குப் பணம் தரலாமா என்னும் கேள்வி எழுதல் இயல்பே. இணைப்பு ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு இதற்கு விடை கூறியது. பழைய கடப்பாட்டைப் புதிய இராச்சியம் ஏற்றுக்கொண்டு ஆண்டுதோறும் 51 லட்சம் ரூபாய் செலுத்தும். அதில் 6 லட்சம் ஸ்ரீ பத்மநாப சுவாமி கோயிலுக்குச் சேரும். அக்கோயிலின் நிர்வாகம் மன்னரின் மேற்பார்வையில் தொடரும். ஏனைய கோயில்களை மூவர் கொண்ட தேவஸ்வம் போர்டு நடத்தும். மூவரும் இந்துக்கள். ஒருவரை மன்னர் நியமிப்பார். ஒருவரை இந்து அமைச்சர்களும், ஒருவரைச் சட்டசபையின் இந்து உறுப்பினர்களும் தேர்வர். போர்டின் முதல் தலைவராக மன்னத்து பத்மநாபன் அமர்ந்தார். கொச்சியிலும் இவ்வாறே தனிப் போர்டு ஏற்பட்டது. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் சந்நிதி, பழையன்னூர் பகவதி சந்நிதி இரண்டிலும் வழிபாட்டு முறைகளின் மேற்பார்வை மட்டும் கொச்சி மன்னரிடமே இருத்தப்பட்டது.

ஆண்டவன் சந்நிதியில் விளக்கு எரிவதற்கு இத்தனை ஷரத்துகளா என்று அன்பர்கள் நகைக்கலாம். எண்ணெய்க்கு விலை உண்டு, அர்ச்சகருக்கும் குடும்பம் உண்டு என்பதைக் கோயில் நிர்வாகத்தில் ஒரு மாதம் இருந்தவரும் அறிவர். 51 லட்சம் என்னும் அத்தொகை 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. இஃது எளிய காரியமன்று. ஆண்டுதோறும் சட்டசபையின் வாக்கை எதிர்பார்த்து நிற்க வேண்டாதபடி, கருவூலத்தின் மீது சார்த்தப்பட்ட செலவாக அது நிறுத்தப்பட்டது.

1956 நவம்பர் 1-இல் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும், செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதியும் சென்னை இராச்சியத்தோடு இணைந்தன. சுசீந்திரம் தாணுமாலயன், கன்னியாகுமரி பகவதி, திருவட்டாறு ஆதிகேசவர், நாகர்கோவில் நாகராஜர் முதலிய திருக்கோயில்கள் நம் எல்லைக்குள் வந்தன. கோயில் வந்தது, படித்தரம் அங்கே நின்றுவிட்டது என்னும் நிலை நேராதிருக்க, அரசியலமைப்பில் 290-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி கேரளம் ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வ நிதிக்கும், சென்னை இராச்சியம் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் தன்பால் வந்த கோயில்களுக்கான தேவஸ்வ நிதிக்கும் செலுத்துதல் வேண்டும். கூட்டிப் பார்த்தால் 60 லட்சம்; எல்லை பிரிந்தும் தொகை குறையவில்லை. பின்னாளில் நம் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றபோது அப்பிரிவிலும் பெயர் மாறியது, தொகை மாறவில்லை. அன்றைய 13 லட்சத்தின் மதிப்பும் இன்றைய மதிப்பும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும். காலத்துக்கேற்ப ஏறும் வண்ணம் நெல்லளவிலோ நில வருவாய் விகிதத்திலோ வகுக்காது, ரொக்கத்தில் வகுத்தது அந்த ஏற்பாட்டின் குறையே. பழைய சாசனங்களில் விளக்குக்கு ஆடும் பூஜைக்கு நெல்லும் விட்ட நம் முன்னோர் இந்த விஷயத்தில் விவரம் அறிந்தவர்கள்.

1950 டிசம்பர் 15-இல் சர்தார் மறைந்தார். மேனன் 1951-இல் சிறிது காலம் ஒரிஸ்ஸாவின் கவர்னராக இருந்தார். முதலாவது நிதிக் கமிஷனிலும் பணியாற்றினார். பின்னர் பெங்களூரில் அமைதியாக வாழ்ந்து, சர்தாருக்குக் கொடுத்த வாக்கின்படி, சமஸ்தான இணைப்பைப் பற்றியும் அதிகார மாற்றத்தைப் பற்றியும் இரு பெருநூல்களை எழுதி 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். 1965-ஆம் ஆண்டின் முடிவில் காலமானார்.

மன்னர்களுக்கு அவர் வகுத்துத் தந்த மானியம் நெடுநாள் நிற்கவில்லை. திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் என்று எழுதியிருந்தது. 1971-இல் அரசியலமைப்பின் 26-ஆவது திருத்தத்தால் எல்லா மன்னர்களின் மானியமும் பட்டமும் ஒருசேர நீங்கின. ஸ்ரீ பத்மநாப சுவாமி கோயிலின் நிர்வாகம் குறித்தும் பின்னர் வழக்குகள் எழுந்தன. 2011-இல் நிலவறைகள் திறக்கப்பட்டு உலகமே வியந்தது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கோயிலைப் பரிபாலிக்கும் அரச குடும்பத்தின் உரிமை மன்னர் மறைவோடு முடிந்துவிடவில்லை என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் நீதிபதிகள் எடுத்து ஆராய்ந்த ஆவணங்களில் 1949-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவும் ஒன்று. மன்னரின் 18 லட்சம் போயிற்று. கோயில்களுக்கென எழுதிய 290-அ பிரிவு இன்றும் அரசியலமைப்பில் நிற்கிறது. சுசீந்திரத்தில் தாணுமாலயனைத் தரிசித்து வெளிவரும் அன்பர்களில், அங்கே எரியும் விளக்கின் எண்ணெயில் ஒற்றப்பாலத்துக் குமாஸ்தாவின் பங்கும் உண்டென்று அறிந்தவர் சிலரே.