சின்னச் சூட்டுக்காயமும் மூன்றாம் நாள் காய்ச்சலும்

தேத்தண்ணிக் கோப்பை சரிந்து பிள்ளையின் கையில் கொட்டுவது நம் வீடுகளில் புதிதல்ல. காயம் சின்னது, மருந்து கட்டியாச்சு என்று ஆறுதல் அடைகிறோம். ஆனால் அப்படியான சின்னக் காயத்தோடு இருந்த சில பிள்ளைகள் திடீரென உயிராபத்துக்குப் போனது ஏன் என்று வைத்திய உலகம் அறிந்து அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை.

1978இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜேம்ஸ் டொட் என்ற சிறுவர் நோய் வைத்தியரும் சகாக்களும் 7 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். கடும் காய்ச்சல், மேலெல்லாம் சிவப்பு, வாந்தி, வயிற்றோட்டம், இரத்த அழுத்த வீழ்ச்சி. ஸ்டெபிலோகொக்கஸ் பக்டீரியா உடம்பில் ஓரிடத்தில் இருந்தது, இரத்தத்தில் இல்லை. கிருமி இருந்த இடத்திலேயே இருக்க, அதன் நஞ்சுதான் உடம்பெங்கும் பரவியிருந்தது. இதற்கு 'நச்சு அதிர்ச்சி நோய்' என்று பெயர் வைத்தார்கள். 1981இல் அந்த நஞ்சும் பிடிபட்டது. 1985இல் பிரித்தானிய வைத்தியர்கள், சூட்டுக்காயப் பிள்ளைகளிடமும் இதே நோயைக் கண்டு எழுதினார்கள்.

நஞ்சு எப்படி வேலை செய்கிறது? வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை மட்டும் எழும்பும். சாதாரணக் கிருமிக்கும் அப்படித்தான்: நிர்ப்பீடனக் கலங்களில் சுமார் பத்தாயிரத்தில் ஒன்றுதான் எழும்பும். இந்த நஞ்சோ அபாய மணியை அடித்தது போல, ஐந்தில் ஒன்றைக்கூட ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். அந்தக் களேபரத்தில் நம் உடம்பின் காவலே நம் உடம்பைத் தாக்குகிறது. 1989இல் இப்படியான நஞ்சுகளுக்கு 'சுப்பர் அன்டிஜன்' என்று பெயர் வந்தது.

பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நஞ்சை முறிக்கும் பிறபொருளெதிரி இரத்தத்திலேயே உண்டு. தாயிடமிருந்து வந்தது குழந்தைக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும். சொந்தமாக உருவாக வருடங்கள் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் நம் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அதனால்தான் வைத்தியர்கள் நுண்ணுயிர்கொல்லியோடு, தேவைப்பட்டால், பெரியவர்கள் தானம் செய்த இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரியையும் ஏற்றுகிறார்கள்.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது ஒன்றுதான்: காயத்தின் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. காயம் சுத்தமாகத் தெரிந்தாலும் நஞ்சு உள்ளே போயிருக்கலாம். சுட்டு முதல் சில நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், காய்ச்சலோடு மேல் சிவத்தல், வாந்தி, வயிற்றோட்டம், சோர்வு வந்தால் பனடோல் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம். "பிள்ளைக்குச் சுட்ட காயம் இருக்கு" என்று முதல் வார்த்தையிலேயே வைத்தியரிடம் சொல்வோம்.