பன்னீர் ரோஜா வந்த வழி

திருச்சிராப்பள்ளியிலிருந்து வடக்கே காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்தால் சமயபுரம். மாசி மாதத்துக் கடைசி ஞாயிறன்று அங்கே பூச்சொரிதல் தொடங்கிவிட்டால், தட்டுத் தட்டாகப் பூ ஏந்திய மக்கள் சாலையெங்கும் நடப்பதைக் காணலாம். நகருக்குள் நத்ஹர்வலி தர்காவுக்குச் செல்வோர் கையிலும் பூப்பொட்டலம் இருக்கும். அந்தத் தட்டிலும் இந்தப் பொட்டலத்திலும் சேர்ந்து காணப்படும் மலர் ரோஜா. அதன் சாறாகிய பன்னீர் நமது நிக்காஹ் மஜ்லிஸிலும் தெளிக்கப்படுகிறது. அண்டை வீட்டுத் திருமண வாசலிலும் தெளிக்கப்படுகிறது. இத்தனை நெருங்கிய மலரை வீட்டு முற்றத்தில் வளர்க்க முயன்றபோதுதான், அதனைப் பற்றி நாம் அறிந்தது எவ்வளவு சொற்பம் என்பது புரிந்தது.

சமயபுரத்து வீட்டில் குடியேறிய ஆண்டு, தை மாதத்தில் ஐந்து ஒட்டுச் செடிகளை வாங்கினோம். மஞ்சள், ஆரஞ்சு, இரட்டை நிறம் என்று பூத்திருந்ததைப் பார்த்து மயங்கி வாங்கியவை அவை. மாசியில் இலைகளில் கரும்புள்ளி விழுந்தது. கத்திரி வெயில் முடிவதற்குள் ஐந்தும் கருகின. வேலியோரத்தில், அடுத்த வீட்டு அம்மையார் கொடுத்த குச்சியிலிருந்து துளிர்த்த இளஞ்சிவப்புப் பன்னீர் ரோஜா மட்டும் பச்சையாக நின்றது. “இது எங்க மாமியார் வச்ச செடியோட குச்சிம்மா. வெயில் இதை ஒண்ணும் பண்ணாது” என்று நம் வீட்டாரிடம் அவர் சொன்னார். பணம் கொடுத்து வாங்கியவை மடிய, இனாமாக வந்தது பிழைத்தது ஏன்? விடையைத் தேடியபோது அது வரலாற்றில் கிடைத்தது.

ரோஜா தமிழகத்தின் பழைய மலர் அன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களில் அதற்கு இடமில்லை. நீலகிரி, பழனி மலைகளில் வெண்ணிறக் காட்டு ரோஜாக் கொடி உண்டு என்றாலும், நம் தோட்டத்து ரோஜா கடல் கடந்தும் கணவாய் கடந்தும் வந்ததே. மலர் வருவதற்கு முன்பே அதன் மணம் உலகைச் சுற்றிவிட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் அல்கிந்தி வாசனைப் பொருள்களை வடித்தெடுக்கும் முறைகளை நூலாக எழுதினார். அப்பாஸிய கலீபாக்களின் கருவூலத்துக்குப் பாரசீக மாகாணம் ஆண்டுதோறும் 30,000 குப்பிப் பன்னீர் செலுத்தியதாக இப்னு கல்தூன் குறிப்பிடுகிறார். பாரசீக மொழியில் ‘குல்’ என்றால் மலர், ‘ஆப்’ என்றால் நீர். பன்னீரைக் குறித்த ‘குலாப்’ என்னும் அச்சொல்லே வட இந்தியாவில் மலரின் பெயராகிவிட்டது. ரோஜா அத்தரைக் கண்டவர் நூர்ஜஹான் என்று பலரும் கூறுவர். ஆனால் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் அந்தப் பெருமையை நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகத்துக்கே அளிக்கிறார்.

அந்த மணத்துக்கு உரியது திமிஷ்க் நகரின் பெயரால் டமாஸ்க் எனப்படும் ரோஜா. ஆயினும் அது திமிஷ்க்கில் தோன்றியதன்று. அதன் மூதாதையர் மூவகை ரோஜாக்கள் என்றும், அவற்றுள் ஒன்று மத்திய ஆசியாவைச் சேர்ந்தது என்றும் 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுக்களைக் கொண்டு நிறுவினர். டமாஸ்க்கில் மணம் மிகுதி; ஆனால் ஆண்டு முழுவதும் பூக்காது. இடைவிடாது பூக்கும் இயல்பு சீன ரோஜாவுக்கே உரியது.

இவ்விரண்டும் கலந்த இடம் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவு. அன்று அதன் பெயர் பூர்போன். அங்கே நிலங்களுக்கு வேலியாகச் சீன ரோஜாவையும் டமாஸ்க்கையும் அடுத்தடுத்து நட்டிருந்தனர். அவ்வேலிகளுக்கிடையே, இரண்டின் சாயலும் கொண்ட ஒரு கன்று தானே முளைத்தது என்பர். 1819ஆம் ஆண்டில் அதன் விதைகளைப் பிரெயோன் என்னும் தாவர அறிஞர் பாரிசுக்கு அனுப்பினார். எதுவார் என்று பெயர் பெற்ற அந்த ரோஜாவே நம் நாட்டில் எட்வர்ட் ரோஜா ஆயிற்று. பன்னீர் ரோஜா என்று நாம் அழைப்பவற்றுள் இதுவும் ஒன்று. புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தீவும் அதுவே!

வெப்பத் தீவில் பிறந்த செடிக்குத் திருச்சியின் 40 பாகை வெயில் புதிதன்று. அதோடு, குச்சியிலிருந்து வளர்ந்ததால் வேரும் கிளையும் ஒரே இனம். நாம் வாங்கிய மஞ்சள் ரோஜாவின் கதை வேறு. 1900ஆம் ஆண்டு வாக்கில் பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்தே ஐரோப்பியர் அந்நிறத்தை அடைந்தனர். நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும் குணமும் சேர்ந்து வந்தது. அழகிய பூவின் பின்னால் இப்படி ஒரு குலவரலாறு இருப்பதை அறியாமல் வாங்கினால் இழப்பு நமக்கே.

ஆகவே செடி வாங்கும்போது பூவை எண்ணாமல் அடிமரத்தை நோக்குக. ஒட்டு இணைந்த இடம் தடித்து, பிளவின்றி இருக்க வேண்டும். அதற்கு மேலிருந்து இரண்டு மூன்று கிளைகளேனும் எழுந்திருக்க வேண்டும். வேரைச் சுற்றிய மண் உடையாதிருக்க வேண்டும். கோடையில் வாங்காமல், மழைக்காலத்தில் வாங்குவது நலம். ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்குமாறு நட வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேர்ச்செடியின் கிளை. அதை உடனே கிள்ளிவிட வேண்டும். நீரைக் காலையில் வேருக்கு மட்டும் ஊற்றுக. இலை நனைந்தே இருந்தால் நோய் வரும். திருச்சியைச் சுற்றிக் களர் நிலம் பல இடங்களில் உண்டு. மண்ணைப் பரிசோதித்து, தேவையானால் ஜிப்சம் இட்ட பிறகே நடுவது அறிவுடைமை.

சமவெளியில் கவாத்துக்கு ஏற்ற காலம் அக்டோபர் மாதம். வெட்டிய ஒன்றரை மாதத்தில் மீண்டும் பூக்கும். வெட்டிய கிளைகளை எறிந்துவிடலாகாது. பென்சில் தடிமனுள்ள, முற்றிய, ஒரு சாண் நீளக் குச்சிகளை நிழலில் பாதி புதையுமாறு நட்டு ஈரம் காத்தால், பன்னீர் ரோஜா எளிதில் வேர்விடும்.

சென்ற ஐப்பசியில் நாமும் அவ்வாறே செய்தோம். பன்னிரண்டு குச்சிகளில் ஏழு துளிர்த்தன. இரண்டை முற்றத்தில் வைத்தோம். நான்கு உறவினர் வீடுகளுக்குப் போயின. தாய்ச்செடி பட்டுப்போயிற்று என்று அடுத்த வீட்டு அம்மையார் வருந்திக்கொண்டிருந்தார். மீதமிருந்த ஒன்றை அவரிடமே கொடுத்தோம். அவருடைய மாமியார் வைத்த செடி இப்போது அவ்வீட்டு வாசலில் மறுபடியும் மொட்டு விட்டிருக்கிறது.