ரயில்வே கேட்டுக்கு யார் காசு கொடுப்பது?

இந்த வாரம் பேசப்போவது ஒரு சின்னக் கேள்வியைப் பற்றி. ரயில் பாதையும் சாலையும் குறுக்கே சந்திக்கிற இடத்தில் நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களின் பாதுகாப்புக்கு யார் பணம் போடவேண்டும்? கேள்வி சின்னது. ஆனால் இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான கணக்கு இருக்கு.

தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம். இந்த ஊரில் ரயில் நிலையம் இல்லை. ஆனால் ரயிலுக்கும் சாலைக்குமான உறவைச் சொல்கிற ஒரு மனிதரின் நினைவிடம் இங்கேதான் இருக்கு. சுப்பிரமணிய சிவா. சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்த அவரை, நோயைக் காரணம் காட்டி, ரயிலில் ஏறக்கூடாது என்று ஆங்கில அரசு தடுத்தது. அவர் நடந்தார், கட்டை வண்டியில் போனார், ஊர் ஊராகப் பேசினார். 1925 ஜூலை 23-ஆம் தேதி பாப்பாரப்பட்டியில் காலமானார். ரயிலில் இடம் கிடைக்காதவனுக்குச் சாலைதான் கதி என்பது அவர் வாழ்க்கையில் கண்கூடாகத் தெரியுது.

அதே காலத்தில் இந்த மாவட்டத்தில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக வழி வேணும் என்பது நோக்கம். 1941-இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். மொரப்பூர்–தர்மபுரி இடையே மறுபடியும் 36 கிலோமீட்டர் பாதை வேண்டும் என்று மாவட்டம் பல வருஷம் கேட்டு, 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் சாலைக்கும் ரயிலுக்கும் பணம் ஒரே பையிலிருந்து வந்த இடமும் உண்டு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு மக்களிடம் தனி வரி வசூலித்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் பாதையே போட்டது. 1894-இல் அது திறந்தது. சாலையைப் பராமரிக்கிற போர்டுதான் தண்டவாளத்துக்கும் சொந்தக்காரர். அப்படி இருந்தால் கேட் யாருடையது என்ற சண்டைக்கு அவ்வளவு இடமில்லை.

ஆனால் பெரும்பாலான இடங்களில் ரயில் ஒருவருடையது, சாலை இன்னொருவருடையது. 1890-ஆம் வருஷ ரயில்வே சட்டம், கேட் போடச் சொல்லி ரயில்வே நிர்வாகத்துக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்தது. பின்னால் வந்த 1989 சட்டத்திலும் இது தொடருது. இதில் ஒரு பத்து வருஷக் கணக்கு உண்டு. பாதை திறந்து பத்து வருஷத்துக்குள் தேவைப்படுகிற கடவு வசதி ரயில்வே செலவு. அதற்குப் பிறகு புதுசாகக் கேட்டால், கேட்கிற சாலைத் துறையோ உள்ளாட்சியோ பணம் கட்டவேண்டும். ஊர் வளர்வது என்னவோ பத்து வருஷம் கழித்துத்தான், இல்லையா?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலம், சாலைக்காகத் தண்டவாளத்தின் கீழே பாதை அமைக்க ஆகும் செலவில் பாதியை ரயில் கம்பெனி தரணும் என்றது. கம்பெனி வழக்குப் போட்டது. 1935-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பிராண்டைஸ், காலம் மாறிவிட்டது, இந்தப் பாதையால் அதிகம் பலனடைவது மோட்டார் வண்டிகள்தானே என்ற கோணத்தில் எழுதினார். அதாவது, யாருக்குப் பலனோ அவர்களும் செலவில் பங்கு எடுக்கணும் என்ற வாதம்.

இந்தியாவிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இந்த யோசனை வந்தது. ஜெயகர் குழு பரிந்துரைத்தபடி 1929-இல் மத்திய சாலை நிதி உருவானது. பெட்ரோலுக்குக் கூடுதல் வரி போட்டு அந்தப் பணத்தைச் சாலைக்குக் கொடுப்பது. 2000-இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தபோது, ரயில்வே மேம்பாலம், கீழ்ப்பாலம், கேட் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் அந்த நிதியில் பங்கு ஒதுக்கினார்கள்.

இதில் சைக்கிள்காரர் எங்கே? அவர் பெட்ரோல் போடுவதில்லை, அதனால் வரி கட்டவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் நம் தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்க. ஒருகாலத்தில் சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்டி, தகர வில்லை வாங்கி வண்டியில் மாட்டவேண்டும். இல்லையென்றால் நிறுத்திப் பிடிப்பார்கள். காசு வாங்கிய காலத்திலும் சைக்கிளுக்கென்று தனித் தடம் யாரும் போட்டுத் தரவில்லை.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு கேட்டில் மேம்பாலம் தேவையா என்று முடிவு செய்ய ரயில்வே ஒரு கணக்குப் போடுது. தினமும் போகிற ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். அது 1 லட்சத்தைத் தாண்டினால் ரயில்வேயும் மாநில அரசும் பாதிப் பாதி செலவில் மேம்பாலம் கட்டலாம் என்பது நீண்டகால நடைமுறை. லாரிக்கு ஒரு அலகு, மாட்டு வண்டிக்கும் ஒரு அலகு, ஆட்டோவுக்கும் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் அரை அலகு. நடந்து போகிறவரும் சாதாரண சைக்கிளில் போகிறவரும் இந்தப் பட்டியலில் வருவதில்லை. காலையில் இருநூறு பிள்ளைகள் சைக்கிளில் கடந்தாலும், கணக்கில் அந்த நேரம் கேட் காலிதான்!

தமிழ்நாட்டில் இந்தப் பிள்ளைகள் குறைவான பேர் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கற்றார்கள் என்பதைப் பத்திரிகையாளர் சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். 2001-இல் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம், சில வருஷங்களில் மேல்நிலை மாணவர்கள் பெரும்பாலோருக்கும் போய்ச் சேர்ந்தது. தர்மபுரி மாதிரி மாவட்டத்தில், பஸ் வராத கிராமத்துப் பெண் பிளஸ் டூ முடிக்கிறாளா இல்லையா என்பதை அந்தச் சைக்கிள் தீர்மானிக்கும். அரசாங்கம் சைக்கிளுக்குக் காசு போட்டது. சைக்கிள் போகிற பாதைக்குப் போட்டதா என்பதுதான் கேள்வி.

போட்ட பாலமும் அவர்களுக்காக யோசித்துப் போட்டதில்லை. மேம்பாலம் திறந்ததும் கீழே இருந்த கேட்டை மூடிவிடுவார்கள். லாரிகளோடு சேர்ந்து நீளமான ஏற்றத்தில் மிதிக்கணும், அல்லது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டணும். சுரங்கப்பாதை போட்டால் மழையில் தண்ணீர் நிற்குது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் அப்படித் தேங்கிய தண்ணீரில் கார் சிக்கி, ஓர் அரசு பெண் மருத்துவர் இறந்துபோனார். கேட்டை அப்படியே விட்டாலும் ஆபத்து இருக்கு. 2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் அருகே செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் போனார்கள். அந்த கேட், சிக்னலோடு இணைக்கப்படாதது. கேட் மூடினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும் என்ற ஏற்பாடு அங்கே இல்லை.

பணமே இல்லை என்று சொல்லமுடியுமா? 2012-இல் அனில் ககோட்கர் குழு, எல்லா லெவல் கிராசிங்கையும் ஐந்தே வருஷத்தில் ஒழிக்கலாம் என்றது. செலவு சுமார் 50,000 கோடி ரூபாய். 2017-இல் 1 லட்சம் கோடி ரூபாய்க்கு ரயில் பாதுகாப்பு நிதி அறிவித்தார்கள். 2019 ஜனவரிக்குள் அகலப்பாதையில் ஆளில்லாத கேட்டுகளை எல்லாம் ஒழித்தும் காட்டினார்கள். ஆக, மனசு வைத்தால் நடக்குது.

நகரத்துக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 2014-இல் சென்னை மாநகராட்சி, போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கணும் என்று கொள்கை எடுத்தது. காகிதத்தில் இருந்தது முழுசாக நடைமுறைக்கு வரவில்லை என்றாலும், கேட்பதற்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. பாப்பாரப்பட்டி மாதிரி பேரூராட்சிக்கு அந்த அளவுகோல்கூட இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஐந்தில் ஒருவர் நடந்து போனவர் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்க.

கேட்டில் வண்டி எண்ணும் கணக்கெடுப்பு பொதுவாக மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும். உங்க ஊர் கேட்டில் கடைசியாக எண்ணியது எப்போது, எவ்வளவு வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பள்ளி விடுகிற நேரத்தில் நீங்களே ஒரு நாள் நின்று சைக்கிள்களை எண்ணி, அந்தத் தாளைக் கிராமசபையிலோ பேரூராட்சியிலோ கொடுக்கலாம். மொரப்பூர் பாதை வரும்போது, புதுப் பாதையில் கேட் போடமாட்டார்கள், பாலங்கள்தான். பாலத்தின் வரைபடம் முடிவாவதற்குள் சைக்கிளுக்கான சரிவும் தண்ணீர் போகும் வழியும் அதில் ஏறியாகணும். கட்டி முடித்தபிறகு கேட்டால் அந்தப் பத்து வருஷக் கணக்கு மறுபடியும் குறுக்கே வந்து நிற்கும்.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.